ராமாத்தாள் சுவிட்ச் போடும் விதம்

ராமாத்தாள் எந்த சுவிட்சையும் ஒரே தடவையில் போட்டதில்லை. போடுவாள், ஒன்று எண்ணும் நேரம் பொறுத்து அணைப்பாள், மறுபடி போடுவாள். டியூப் லைட்டானாலும் மிக்சியானாலும் அப்படித்தான். கல்யாணமாகி கணபதி என்ற ஊருக்கு வந்த புதிதில் அவள் கணவன் குமாரசாமிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"ஏனம்மணி, லைட்டுக்குக் கண்ணடிக்கச் சொல்லிக் குடுக்கறயா?" என்பான்.

அவள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். பத்து வருஷத்தில் அவன் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டான். விருந்தாளிகள் யாராவது, "உங்க ஊட்டுல கரண்டு சரியில்லீங்களா?" என்று கேட்டால்தான் நினைவு வரும். அந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று கேட்டால் அப்போது அவளுக்கே சொல்லத் தெரியாது.

பிறந்த ஊர் பல்லடத்துக்குத் தெற்கே. வீட்டை ஒட்டி அண்ணன் எட்டுத் தறி போட்டு ஓட்டிய கொட்டகை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். விட்டதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. எழுந்து நின்று வாசி என்று டீச்சர் சொன்னால் குரலே வராது. கொட்டகையில் யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவும் முடியாது. எந்தத் தறியில் இழை அறுந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. பேச்சு வராதவளுக்குப் பார்வை நன்றாக வந்தது.

அந்தப் பார்வைதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஈஸ்வரமூர்த்தி ஸ்டெபிலைசர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். சால்டரிங் செய்ய ஆள் தேடியபோது குமாரசாமி மனைவியைக் கூட்டிப்போய் நிறுத்தினான். ஒரு வாரம் கழித்து ஈஸ்வரமூர்த்தி கவனித்தார். மற்றவர்கள் சரியென்று தள்ளிய மின்சுற்றுப் பலகைகளில் ஒன்றை எடுத்து இவள் தனியாக வைத்திருந்தாள். கேட்டதற்கு, ஈயம் வைத்த ஒரு புள்ளியை விரலால் காட்டினாள். மற்றவை மினுங்கின, அது மட்டும் மங்கலாக இருந்தது. அசைத்துப் பார்த்தால் கம்பி கையோடு வந்தது. அன்றிலிருந்து சோதனை மேசை அவளுக்கு.

1996ஆம் ஆண்டு அந்த மாடிக்கு சத்தியசீலன் வந்து சேர்ந்தான். ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு, அப்பா பள்ளி ஆசிரியர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருபத்தைந்து வயது. எதையாவது யோசித்தால் பேனாவின் மூடியைக் கடிப்பான். அவனிடம் இருந்த மூடிகள் எல்லாமே பல் பதிந்தவை.

அவனுக்குக் கொடுத்த வேலை கோழிக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்வது. ஹேச்சரியில் முட்டைகளைப் பதினெட்டு நாள் சூட்டில் வைக்கும் ஓர் அறை உண்டு, அதை செட்டர் என்பார்கள். அந்தச் சூட்டைப் பெட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குஞ்சு சரியாகப் பொரிக்காவிட்டால் எந்த நாள் எந்த நேரத்தில் சூடு இறங்கியது என்று எடுத்துப் பார்க்கலாம். முன்பு ஈஸ்வரமூர்த்தி ஒரு மாதிரி செய்து கொடுத்திருந்தார். அது பேட்டரியின் தயவில் ஞாபகம் வைத்துக்கொள்ளும். செட்டரின் ஈரத்தில் மூன்றே மாதத்தில் பேட்டரி முனை உப்புப் பூத்து, எழுதியதெல்லாம் போய்விட்டது. அதனால் பேட்டரியே வேண்டாம், கரண்ட் இல்லாவிட்டாலும் எழுதியதை மறக்காத ஃபிளாஷ் சிப்பைப் போட்டுச் செய் என்று சத்தியசீலனிடம் சொன்னார்.

சிப்பு வாங்குவது சுலபமாக இருந்தது. அதில் எப்படி எழுதுவது என்பதுதான் கஷ்டம். ஒருநாள் டீ வேளையில், அவள் கேட்காமலே, அவன் சொல்ல ஆரம்பித்தான். யாரிடமாவது சொன்னால்தான் அவனுக்கே விளங்கும்.

"ராமாத்தாக்கா, இந்த சிப்புக்குள்ள எட்டு சிலேட்டு இருக்குதுன்னு வச்சுக்குங்க. எந்த சிலேட்டுல வேணும்னாலும் எழுதலாம். ஆனா ஒரே ஒரு எழுத்தை மட்டும் அழிக்க முடியாதுங்க. அழிச்சா முழு சிலேட்டையும் துடைக்கோணும். துடைக்கத் துடைக்க சிலேட்டு தேஞ்சு போகும். லட்சம் தடவைக்கு மேல தாங்காது."

அவள் தலையை ஆட்டினாள்.

"இதுக்குள்ள எது எங்க இருக்குதுன்னு கணக்கா வச்சுக்கறதுக்கு ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதறேன். சின்னதுதான். முழு புரோகிராமும் எட்டாயிரம் எழுத்துக்குள்ள அடங்கியாகோணும், அதுக்கு மேல புரோகிராமுக்குன்னு இருக்கற தனி சிப்புல எடமில்ல."

முதலில் எழுதியதில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எப்போதும் முதல் சிலேட்டிலேயே வைத்தான். ராமாத்தாளின் மேசையில் வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது ஒரே மாதத்தில் முதல் சிலேட்டு தேய்ந்து செத்தது. மற்ற ஏழும் புதுசு மாதிரி இருந்தன. பிறகு அட்டவணை என்று தனியாக ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு சிலேட்டின் தலையிலும் அது எத்தனையாவது என்று எழுதி, எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் விட்டான். எப்போதும் ஒரு சிலேட்டு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருக்கும்.

அடுத்தது கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கடைசி வரி பாதியில் நிற்கும். அதனால் கரண்ட் திரும்பியதும் பெட்டி செய்யும் முதல் வேலை, பாதியில் நின்ற பழைய சிலேட்டிலிருந்து நல்ல வரிகளை மட்டும் சுத்தமான சிலேட்டுக்கு மாற்றி எழுதிவிட்டுப் பழையதைத் துடைப்பது. இதை எழுதி முடித்த அன்று சத்தியசீலன் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான்.

சோதனை ராமாத்தாளுடையது. ஓடுகிற பெட்டியின் சுவிட்சை நினைத்த நேரத்தில் அணைக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டுப் போட வேண்டும். பிறகு பெட்டியில் இருக்கும் வரிகளை எண்ணிப் பார்த்து நோட்டில் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ எழுத வேண்டும். ஆயிரம் தடவை.

முதல் நாளே சத்தியசீலன் அவள் கையைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, அதென்னங்க ரெண்டு தடவை போடறீங்க? அப்படிச் செஞ்சா ரெண்டு கரண்ட் கட்டுன்னு ஆகிப்போகும், எண்ணிக்கை குழம்பும். ஒரு தடவை போட்டுட்டுக் கையை எடுத்துருங்க."

"சரீங்க சார்," என்றாள். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அன்றிலிருந்து மேசையில் உட்கார்ந்தால் வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருக்கும்.

நானூற்றுப் பன்னிரண்டாவது தடவை கை மீறிவிட்டது. கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தடாலென்று போட்டார்கள். அந்த அதிர்ச்சியில் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் வரிகளைக் காணோம். இது தன் கையால் வந்த வினை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு தடவை போடு என்று படித்த பிள்ளை சொல்லியும் கேட்கவில்லையே! சத்தியசீலன் அப்போது கடைக்குப் போயிருந்தான். அவள் பெட்டியை முழுசாகத் துடைத்தாள், புது வரிகளை ஏற்றினாள், ஒழுங்காக ஒரு தடவை சுவிட்சைப் போட்டாள். வரிகள் சரியாக இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டுக்கு நேராக 'சரி' என்று எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் அது. ஆயிரமும் சரி என்று நோட்டு முடிந்தது.

1997 ஆவணியில் முதல் பெட்டி பல்லடத்தில் சீனிவாசலுவின் ஹேச்சரிக்குப் போனது. சீனிவாசலுவுக்கு அந்த வருஷம் இரண்டு தடவை பாதி முட்டைகள் பொரிக்காமல் போயிருந்தன. காரணம் தெரியவில்லை. பதினெட்டு நாளும் விடாமல் எழுதிக் காட்டினால் பன்னிரண்டு பெட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பத்தாவது நாள் போன் வந்தது. பெட்டியில் முதல் ஆறு நாள் இருக்கிறது, அப்புறம் பத்தாம் நாள் இருக்கிறது, நடுவில் மூன்று நாளைக் காணோம்.

சத்தியசீலன் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து நான்கு நாள் பார்த்தான். எந்தக் கோளாறும் தெரியவில்லை. ராமாத்தாளின் நோட்டை ஆயிரம் வரியும் விரல் வைத்துப் படித்தான். அவன் விரல் நான்காவது நூறைக் கடக்கும்போது அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஈஸ்வரமூர்த்தி மாடிக்கு வந்தார். கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது.

"சீனிவாசலு நல்ல மனுசன். இன்னொரு செட்டு முட்டை ஏத்தறானாம். இன்னும் ஒரு பதினெட்டு நாள். அதுலயும் ஓட்டை உழுந்துச்சுன்னா இந்த வேலையே நமக்கு வேண்டாம் சாமி. ஸ்டெபிலைசரோட நிறுத்திக்கலாம். சோதனை மேசைக்கு அப்புறம் என்ன வேலை? நீங்களே சொல்லுங்க."

ராமாத்தாளுக்கு அண்ணனின் தறிக் கொட்டகை கண்முன் வந்தது. அங்கே எப்போதும் இடம் உண்டு. ஆனால் இந்த மேசையில் எதையாவது பார்த்து விரலால் காட்டினால் நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். அது வேறெங்கும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பெரிய மின்தேக்கி ஒன்றைப் பெட்டிக்குள் சேர்த்தால் தீரலாம் என்று சத்தியசீலன் அரைமனதாக ஒரு மாற்றம் செய்தான். அதைப் பொருத்தப் போகும்போது ராமாத்தாளையும் வரச் சொன்னான். செட்டருக்குள் கை நுழையாத இடத்தில் நான்கு கம்பி சால்டரிங் செய்ய வேண்டியிருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து, புது முட்டைகள் ஏற்றி, பெட்டி முதல் வரியை எழுதி பச்சை விளக்கைச் சிமிட்டியது. சீனிவாசலு டீ வரவழைத்தார். டம்ளர் கையில் இருக்கும்போதே கரண்ட் போனது.

வெளியே தகரக் கூரைக்குக் கீழே ஜெனரேட்டர். அதைப் பார்த்துக்கொள்ளும் அங்கப்பன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். எஞ்சினைச் சுற்றிவிட்டார். அது புகை கக்கி, இருமி, ஒரு சீருக்கு வந்தது. பிறகு சுவரில் இருந்த பெரிய கைப்பிடி சுவிட்சைத் தள்ளினார். உள்ளே விளக்குகள் எரிந்தன, விசிறிகள் முனகின, எஞ்சின் முக்கியது. அங்கப்பன் உடனே கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். விளக்குகள் அணைந்தன. எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டது. மறுபடி தள்ளினார். இந்தத் தடவை எல்லாம் நின்று ஓடின.

ராமாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க," என்றாள் அங்கப்பனிடம். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "எப்பவும் இப்படித்தான் போடுவீங்களா?"

"பின்னெ? குளுந்து கெடக்கற எஞ்சின் மேல அத்தனை பாரத்தையும் ஒரே மூச்சுல ஏத்துனா முக்கிக்கிட்டு நின்னுபோடுமுங்க அம்மணி. ஒருக்கா காட்டிப்போட்டு எடுக்கோணும். இத்தனை பாரம் வருதுடா, தயாரா இருன்னு அதுக்குத் தெரியோணுமில்ல? பொறவு போட்டா இழுக்கும்." காதில் இருந்த பீடியை எடுத்தார். "கலியாணத்துக்கு முந்திப் பொண்ணைக் காட்டற மாதிரிதானுங்க."

அவள் சிரிக்கவில்லை. எட்டுத் தறிக் கொட்டகையில் அண்ணன் ஜெனரேட்டர் கைப்பிடியை இதே மாதிரி தள்ளி, இழுத்து, தள்ளுவான். அவன் இல்லாத நேரத்தில் பத்து வயதில் அவளே முக்காலி போட்டு ஏறி நின்று செய்திருக்கிறாள். ஒருக்கா காட்டு, எடு, போடு. அந்தக் கைதான் இன்றைக்கும் டியூப் லைட்டைக் காட்டிவிட்டுப் போடுகிறது. அந்தக் கைதான் நானூற்றுப் பன்னிரண்டிலும் போட்டது.

அப்படியானால் அன்றைக்குத் தொலைந்தது அவளுடைய தப்பால் அல்ல, பெட்டியின் தப்பால்.

சத்தியசீலன் உள்ளே பெட்டியின் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தீங்களா அக்கா, கரண்ட் போயி வந்துச்சு, ஒண்ணும் ஆகல!" என்று சந்தோஷமாகச் சொன்னான். வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். சொன்னால் நோட்டில் எழுதிய பொய்யையும் சொல்ல வேண்டும். பொய் எழுதுகிற சோதனைக்காரியை யார் மேசையில் வைத்துக்கொள்வார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். முன்னால் பெண்கள் பக்கத்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சத்தியசீலன் பின்படியருகே நின்றுகொண்டிருந்தான். காரணம்பேட்டை போனது. சொல்லாவிட்டால் பெட்டி மறுபடி தொலைக்கும், மேசை போகும். சொன்னாலும் மேசை போகும். இரண்டிலும் போகிறதென்றால் பெட்டியாவது பிழைக்கட்டும் என்று சூலூர் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். எழுந்தாள். எழுந்த நொடியில் ஒரு அம்மாள் கூடையோடு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இனித் திரும்பவும் வழியில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள்.

"சாருங்க, ஒண்ணு சொல்லோணும்."

அவள் தானாக வந்து பேசியதே அவனுக்கு அதிசயம். குனிந்தான். அவள் அங்கப்பன் கைப்பிடியைச் சொன்னாள், அண்ணனின் கொட்டகையைச் சொன்னாள். பிறகு கம்பியைப் பார்த்துக்கொண்டு நோட்டைச் சொன்னாள்.

"எத்தனையாவதுங்க?"

"நானூத்திப் பன்னெண்டுங்க. 'சரி'ன்னு எழுதிப்போட்டேன். சரியில்லீங்க."

அவன் முகம் இறுகியது. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தான். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவன் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கடித்தான். சிங்காநல்லூர் குளம் தாண்டும் வரைக்கும் கடித்தான்.

"ஒரு தடவை போட்டுட்டுக் கையை எடுங்கன்னு நாந்தானுங்களே சொன்னேன்?" என்றான் கடைசியில்.

"ஆமாங்க."

"எங்க ஊட்டுல கரண்டு போனா வரும். வந்தா மறுபடி போகாம நிக்குமுங்க. ஜெனரேட்டரை நான் கல்யாண மண்டபத்துலதான் பாத்திருக்கேன்."

மாடிக்குப் போனதும் விளக்கைக்கூடப் போடாமல் புரோகிராம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தான். பழைய சிலேட்டிலிருந்து சுத்தமான சிலேட்டுக்கு மாற்றி எழுதும் இடம். எல்லா வரியையும் எழுதி முடித்த பிறகு, புது சிலேட்டின் தலையில் 'முடிந்தது' என்று ஒரு குறி வைக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் அப்படித்தான் செய்திருந்தான். கரண்ட் திரும்பியதும் செய்யும் வேலையில் மட்டும் குறியை முதலில் வைத்துவிட்டு, வரிகளைப் பிறகு எழுதியிருந்தான். அப்படிச் செய்தால் புரோகிராமில் நாலு வரி மிச்சம். இப்போதுதானே கரண்ட் வந்திருக்கிறது, ஒரு நொடி வேலைதானே, அதற்குள்ளா போய்விடும் என்று நினைத்திருந்தான்.

அங்கப்பன் கைப்பிடியை இழுத்தால் போய்விடும். மறுபடி தள்ளியதும் பெட்டி குறியைப் பார்க்கும், எல்லாம் எழுதியாயிற்று என்று நம்பும், மாற்றாமல் விட்ட வரிகளோடு பழைய சிலேட்டைத் துடைத்துவிடும். முதல் சில நாட்களில் வரிகள் குறைவு, அங்கப்பன் கைப்பிடியை இழுப்பதற்குள் மாற்றி முடித்துவிடும். நாளாக ஆக வரிகள் கூடும், நேரம் போதாது. அதனால்தான் முதல் வாரம் தப்பித்தது, இன்று பகலும் தப்பித்தது.

"ஒம்பது நாள் வரியை ஏத்துறேன். நீங்க உங்க இஷ்டத்துக்குப் போடுங்கக்கா."

ராமாத்தாள் போட்டாள், எடுத்தாள், போட்டாள். எண்ணினாள். தொள்ளாயிரம் வரிகளைக் காணோம்.

"போச்சு! அக்கா, போச்சு!" சத்தியசீலன் மேசையைத் தட்டிக் குதித்தான். தொலைந்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை அவள் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு ஈஸ்வரமூர்த்தி படியேறி வந்தார். "என்னப்பா, சரியாயிருச்சா?"

"இல்லீங்கண்ணா, போயிருச்சுங்க! மறுபடி மறுபடி போகுதுங்க!"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவருக்குச் சுலபமான வழி தெரிந்தது. "அட, அந்த அங்கப்பனை ஒரே தடவையாப் போடச் சொல்லிட்டா முடிஞ்சுது! ஒரு போன் போதும்."

"இல்லீங்கண்ணா."

சொன்னது ராமாத்தாள். மேசையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு ஒருத்தரு மட்டுமில்லீங்க. எங்கண்ணனும் அப்படித்தானுங்க போடுது. பல்லடத்துல ஜெனரேட்டர் வச்சிருக்கறவிங்க எல்லாருமே அப்படித்தான். எத்தனை பேருக்குப் போன் போடுவீங்க?" ஒரு மூச்சு விட்டாள். "இன்னொண்ணுங்கண்ணா. இது என்ற கையில முன்னாலயே ஒருக்கா ஆச்சுங்க. நோட்டுல மாத்தி எழுதிப்போட்டேன்."

ஈஸ்வரமூர்த்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பொய்யி எழுதுனயா அம்மணி?"

"ஆமாங்கண்ணா."

"அந்த நோட்டை எடு." எடுத்து வந்தாள். "அதை அடிச்சுப்போட்டு, என்ன நடந்துச்சோ அதை எழுது. கீழ கையெழுத்துப் போடு. இனிமே ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடோணும். தப்பு நடந்தா அதை எழுதறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். சரின்னு எழுத எனக்கே தெரியும்."

அவள் எழுதினாள். மூன்று வரி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவ்வளவு நீளமாக எழுதியது அதுதான் முதல் தடவை.

சத்தியசீலன் குறியைக் கடைசிக்கு நகர்த்தினான். அதோடு, புது சிலேட்டில் இருக்கும் வரிகளை எண்ணிப் பழையதோடு ஒத்துப் பார்த்த பிறகே துடைக்க வேண்டும் என்று இன்னொரு வேலையும் சேர்த்தான். புரோகிராம் முப்பது எழுத்து கூடிவிட்டது, சிப்பில் அடங்கவில்லை. இரண்டு நாள் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று செதுக்கிப் பார்த்தான். பதினாறு எழுத்துக்கு மேல் தேறவில்லை. கடைசியில் ஈஸ்வரமூர்த்தியிடம் போய் நின்றான்.

"அண்ணா, பெட்டியைப் போட்டதும் கம்பெனிப் பேரு ஓடுதில்லீங்களா? அதை எடுத்துட்டா எடம் கெடைக்குமுங்க."

"என்ற பேரையா?" என்றார் அவர். அந்தப் பெயர் ஓடுவதைக் காட்டத்தான் அவர் பாதி ஹேச்சரிகளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, எடுத்துப்போடு. முட்டைக்கு என்ற பேரு எதுக்கு."

அதற்குப் பிறகு ராமாத்தாள் ஒரு நாள் முழுக்க இஷ்டம்போல் சுவிட்ச் போட்டாள். இரண்டு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை. ஒரு நாள் வரியோடு, ஒன்பது நாள் வரியோடு, பன்னிரண்டு நாள் வரியோடு. ஒரு வரிகூடத் தொலையவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குள் பல்லடத்தில் ஐந்தாவது நாள் ஆகிவிட்டது. இன்னும் தாமதித்தால் அங்கப்பனின் அடுத்த கைப்பிடி இழுப்பு பெட்டியைக் கவிழ்த்துவிடும். காலையில் முதல் பஸ்ஸிலேயே இருவரும் போனார்கள். பழைய புரோகிராம் சிப்பைப் பிடுங்கி, புதியதைச் சொருக வேண்டும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இருப்பது ஐந்து நிமிஷம். அதற்குள் முடித்தால்தான் ஓட்டை விழாது.

"நான் செஞ்சா கால் உடைஞ்சுரும். சிப்போட காலு," என்றான் சத்தியசீலன். "நீங்க செய்யுங்கக்கா. நான் கடிகாரத்தைப் பாக்கறேன்."

பச்சை விளக்கு சிமிட்டியது. பெட்டிக்குப் போகும் இணைப்பை எடுத்தாள். நான்கு திருகாணி. மூடியைச் சீனிவாசலுவே வாங்கிப் பிடித்துக்கொண்டார். செட்டரின் சூட்டில் வியர்வை கண்ணில் இறங்கியது. சிப்பின் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பி, கால் வளையாமல் தூக்கினாள். புதியதை வைத்து இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினாள்.

"மூணு நிமிசம் பத்து செகண்டு," என்றான் அவன்.

இணைப்பைச் சொருகப் போனவள் நிறுத்தினாள். வாசலில் நின்ற அங்கப்பனைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களே சொருகுங்க. ஒருக்கா காட்டிப்போட்டு."

"இதுக்குமா?" என்றார் அவர். "நாந்தான் பெட்டியைக் கெடுத்தேன்னு வந்ததும் சொன்னாங்க. இப்ப ஆள் வச்சுக் காட்டச் சொல்றாங்க." சொருகினார், பிடுங்கினார், சொருகினார். திரையில் பெயர் எதுவும் ஓடவில்லை. பழைய வரிகளின் எண்ணிக்கை மட்டும் வந்து நின்றது. குறையவில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது.

மிச்சப் பதின்மூன்று நாளில் பதினேழு தடவை கரண்ட் போனது. பதினேழு தடவையும் அங்கப்பன் காட்டிவிட்டுப் போட்டார். பதினெட்டாவது நாள் முழுசையும் தாளில் அச்சிட்டு நடுக்கூடத்தில் விரித்தார்கள். கரண்ட் இல்லாத நிமிஷங்களைத் தவிர எல்லாம் இருந்தன. ராமாத்தாள்தான் முதலில் குனிந்தாள். பதினாலாம் நாள் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் சூடு இறங்கியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். கரண்ட் இருந்த நேரம்தான். சீனிவாசலு போய் விசிறியைப் பார்த்தார். பெல்ட் தேய்ந்து, ஈரத்தில் வழுக்கியிருக்கிறது.

"ஒரு வருசமா இந்தப் பெல்ட்டுதானுங்களா?" என்று தாளையும் பெல்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றே பன்னிரண்டு பெட்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது 1999இல் பல்லடத்திலும் உடுமலையிலும் பத்தொன்பது ஹேச்சரிகளில் அந்தப் பெட்டி ஓடுகிறது. சத்தியசீலன் அந்த ஃபைல் சிஸ்டத்தை நான்காவது தடவையாகத் திருத்தி, பெரிய சிப்பில் ஏற்றியிருக்கிறான். ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனிப் பெயர் மறுபடி திரையில் ஓடுகிறது. மேசையில் ராமாத்தாளோடு சேர்த்து ஐந்து பெண்கள். வீட்டில் டியூப் லைட்டை அவள் இப்போதும் இரண்டு தடவைதான் போடுகிறாள். மாடியில் அவள் அப்படிப் போட்டு, எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போடாமல் எந்தப் பெட்டியும் கீழே இறங்குவதில்லை.